புதிய விதையும் முன்யோசனையும்

புதியதொரு தொழில்நுட்பத்தை நாட்டில் அனுமதிக்கும் முன்னர், அதனால் விளையக்கூடிய தீங்கை ஊகித்து விதி வகுப்பது அரசாங்கத்தின் கடமையாகும். அவ்விதி வயலில் நிறைவேறுமா என்பதையும் அப்போதே ஆராய்தல் வேண்டும். பி.டி. பருத்தியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

விதி: 2002 மார்ச்சில் மத்திய அரசாங்கம் பி.டி. பருத்திக்கு அனுமதி அளித்தது. ஒருவகைப் பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பெற்ற இச்செடி, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்குகிறது. பூச்சியினம் நாளடைவில் நஞ்சைத் தாங்கும் சக்தி பெறக்கூடும் என்பதை விஞ்ஞானிகள் அறிந்திருந்தனர். ஆகவே, வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், இவற்றுள் எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்கப்பட்டது. இதுவே புகலிடப் பயிர்.

காரணம்: பி.டி. செடியைத் தின்றும் பிழைக்கும் புழுக்கள் தொடக்கத்தில் மிகச் சிலவே. அவை அந்துப்பூச்சிகளாகித் தமக்குள்ளேயே கூடினால், தாங்கும் சக்தி சந்ததியில் நிலைத்துவிடும். புகலிடப் பயிரில் வளர்ந்த ஏராளமான சாதாரண அந்துகளோடு கூடினால், பிறக்கும் புழுக்கள் பெரும்பாலும் மடியும். பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை ஆகியவற்றிலும் வாழ்வதால் அதற்கு இயற்கையான புகலிடம் உண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ ஏறக்குறையப் பருத்தியையே நம்பி வாழ்வது.

விளைவு: சாதாரண விதையும் தனிப் பொட்டலமாக உடன் வழங்கப்பட்டது, எனினும் பலர் அதை விதைக்கவில்லை. சிறு விவசாயிக்கு ஐந்தில் ஒரு பங்கு நிலத்தைப் புழுவுக்கு விடுவது கண்கூடான நஷ்டம். பயனோ ஊருக்கெல்லாம் பொது, அதுவும் பல ஆண்டுகளுக்குப் பின்னர். 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இரு மரபணுக்கள் கொண்ட ரகமும் 2015-இல் அங்கே பெருஞ்சேதமுற்றது. புகலிடப் பயிரை முறையாக விதைத்துவந்த அமெரிக்காவின் அரிஸோனாவில் அப்புழு எதிர்ப்புச் சக்தி பெறவில்லை. பிற்காலத்தில் இந்தியாவில் இருவகை விதைகளையும் ஒரே பையில் கலந்து விற்கும் முறை வந்தது.

படிப்பினை: எப்புதுமையைக் குறித்தும் களப் பணியாளர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். விதியின் சுமை யார்மீது விழுகிறது? அதன் காரணம் அவருக்கு விளங்கியதா? வயலில் காணும் மாறுதல் உரிய அதிகாரிக்கு உடனே எட்டுமா?

வகுப்புப் பயிற்சி: ஒரு பையில் 4 கறுப்பு மணிகளையும் 4 வெள்ளை மணிகளையும் இட்டு, பாராமல் இரண்டிரண்டாக எடுத்து, திரும்ப இடச் செய்க. பின்னர் வெள்ளை மணிகளை 96 ஆக்குக. இரண்டும் கறுப்பாக வருவது எவ்வளவு அரிதாகிறது என்பதை மாணவர்களே கண்டறிவர்.