அவையறிதலும் அவையஞ்சாமையும்

திருக்குறளில் 72-ஆம் அதிகாரம் அவையறிதல். அதனை அடுத்தே அவையஞ்சாமை வருகிறது. இவ்வரிசையிலேயே சொல்லாற்றலுக்குரிய பாடம் அடங்கியுள்ளது.

1892-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சுவாமி விவேகானந்தர் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அப்போது பண்டிதர் சபையில் வேதாந்த விவாதம் நடைபெற்றது. ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையையே நிலைநாட்ட முயன்றதால் உடன்பாடு பிறக்கவில்லை. இறுதியில் எழுந்த சுவாமிஜி, அக்கொள்கைகள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல, நிறைவு செய்பவை என்று விளக்கினார். சபையோர் பாராட்டினர். பிறர் கருத்தைச் செவிமடுத்தவரால்தான் அவற்றை இணைத்துப் பேச இயலும்.

இத்தகையவரையும் அச்சம் தீண்டாமல் இல்லை. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் நெஞ்சு படபடத்து, நா வறண்டு, காலையில் பேசத் துணியாதிருந்ததை அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டுள்ளார். ஆயினும் அன்று பிற்பகலிலேயே சுருக்கமாகப் பேசி, கேட்டோர் உள்ளங்களைக் கவர்ந்தார்.

எனவே, மேடை ஏறுமுன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது நலம்: கேட்போர் யார்? அவர்கள் முன்பே அறிந்தது எது? அவர்கள் இல்லத்திற்கு எடுத்துச் செல்லவேண்டிய ஒரு கருத்து எது? இவற்றுக்கு விடை கண்டவனின் கவனம் தன்னை விட்டுக் கேட்போரிடம் செல்கிறது. 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ' என்னும் எண்ணம் தளரத் தளர, அவையஞ்சாமை தானே வளர்கிறது.