கல்லூரியின் பெயர் சோறு போடுமா?

பிளஸ் டூ முடித்து பி.காம். படிக்க எண்ணும் தோழியரிடையே ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறி லேடி டோக், பாத்திமா கல்லூரிகளுக்குச் செல்வதா, பக்கத்தில் பசுமலையிலேயே சேர்வதா?

எங்குப் படித்தாலும் பட்டம் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தினுடையதே. வங்கி அதிகாரி தேர்வில் கல்லூரிப் பெயருக்கென்று மதிப்பெண் கிடையாது. ஆடிட்டர் ஆக விரும்பும் வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடு பெற்றிருந்தால், முதல்நிலைத் தேர்வு எழுதாமலே இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். அந்த 55 எந்தக் கல்லூரியில் கிடைத்தது என்று விதி கேட்பதில்லை.

ஆயினும் பெயர் வெறும் பெயரன்று. கம்பெனிகள் ஆள் எடுக்க எல்லாக் கல்லூரிக்கும் வருவதில்லை. அமெரிக்கப் பொருளியலாளர்களான ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒத்த திறமையுடையோர் பெரிய கல்லூரியில் படித்தாலும் சாதாரணக் கல்லூரியில் படித்தாலும் பிற்காலச் சம்பளம் ஏறத்தாழ ஒன்றே என்றது அது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கோ பெரிய கல்லூரியால் பயன் கூடுதலாக இருந்தது. வியப்பில்லை, சிபாரிசுக்கு மாமா இல்லாத வீட்டுக்குக் கல்லூரிதானே மாமா!

அப்படியானால், குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவளிடம், "பொம்பளப் பிள்ளைக்குப் பக்கத்துக் காலேஜ் போதும்" என்பது சரியான கணக்கா? விண்ணப்பம் வாங்கும்போதே நாம் கேட்போம்: சென்ற ஆண்டு இங்கிருந்து பி.காம். மாணவியரை வேலைக்கு எடுத்த கம்பெனிகள் எவை, எத்தனை பேரை?