விண்ணப்பத்துடன் எதை இணைப்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ டாக்டர் பட்ட ஆராய்ச்சியை நாடும் மாணவர்களுக்கு ஐப்பசி பிறந்துவிட்டால் ஓய்வில்லை. பெரும்பாலான துறைகளின் கெடு டிசம்பர் 1-க்கும் 15-க்கும் இடையில், நம் கார்த்திகையின் பிற்பாதியில், வந்துவிடுவதால், எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கையும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் ஒருவாறு உருப்பெறும் இந்நாட்களிலேயே, கைவசமுள்ள கட்டுரை, புராஜெக்ட் அறிக்கை, சான்றிதழ் ஆகியவற்றுள் எவற்றை அநுபந்தமாகச் சமர்ப்பிப்பது என்பதையும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

முதற்காரியமாக, ஒவ்வொரு துறையின் அறிவிப்பையும் இந்த வாரமே சிரத்தையுடன் வாசியுங்கள். கேளாததை அனுப்பினால் பரிசீலிக்கமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் துறைகள் உண்டு. கட்டுரையை மட்டும் ஏற்பவையும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்கு ஒரு விதியும் கணினித் துறைக்கு வேறு விதியும் இருக்கலாம். அறிவிப்பில் எதுவும் சொல்லப்படவில்லையெனில் துறை அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். நவம்பர் நான்காம் வியாழனன்று தாங்க்ஸ்கிவிங் விடுமுறை வருவதால், அதற்கு முன்பே கேட்பது உசிதம்.

இடம் உண்டென்றால், நோக்க அறிக்கையில் நீங்கள் சொல்லிக்கொண்ட ஆராய்ச்சித் திறனுக்கு நேரான அத்தாட்சியாக நிற்பது எதுவோ அதை மட்டும் இணையுங்கள். நம் கல்லூரிப் புராஜெக்ட் அறிக்கையோ, முத்திரையில் தொடங்கி, போனஃபைடு சான்றிதழ், தாளாளர் முதல் ஆய்வகப் பணியாளர் வரை நீளும் நன்றியுரை, பாடப்புத்தகத்திலிருந்து பெயர்த்தெழுதிய முன்னுரை ஆகியவற்றையெல்லாம் கடந்து, மாணவர் தாமே செய்ததை நாற்பதாம் பக்கத்தில்தான் காட்டுகிறது; விண்ணப்பங்களைக் குவியலாக வைத்துக்கொண்டு வாசிக்கும் பேராசிரியர் அதுவரை வரமாட்டார். ஆகவே எடுத்துக்கொண்ட பிரச்னை, முறை, ஒரே ஒரு வரைபடம், பிழை வரம்புடன் கூடிய முடிவு ஆகியவை அடங்கிய இரண்டு பக்கச் சுருக்கத்தை இப்போதே எழுதி, நால்வர் சேர்ந்து செய்த வேலையாயின் அதில் உங்கள் பங்கு இன்னதென்று முதற்பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டுரையின் நிலையைச் சொல்வதில் நாணயம் அவசியம். ஏற்கப்பட்டது, பரிசீலனையில் உள்ளது, தயாராகிறது என்பவை மூன்று வெவ்வேறு நிலைகள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் உங்கள் வழிகாட்டியே என்பதையும் மறக்க வேண்டாம். 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் முன்வடிவை ஏற்றலாம். ஆயினும் புதியவருக்கு அத்துறையில் எழுதிவரும் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாமாதலாலும், பின்னர் வாபஸ் பெற்றாலும் பழைய வடிவம் பொதுப்பார்வையிலேயே இருக்குமாதலாலும், வழிகாட்டியின் சம்மதமின்றி அவசரப்படலாகாது. கம்பெனியில் பயிற்சி பெற்றபோது சேகரித்த தரவுகளுக்கும் அனுமதி வேண்டும். காசு வாங்கிக்கொண்டு சில நாட்களில் அச்சிட்டுத் தரும் சஞ்சிகைக் கட்டுரையோ, என் அபிப்பிராயத்தில், இணைப்பதைவிட இல்லாதிருப்பதே மேல்.

கருத்தரங்கில் கலந்துகொண்டதற்கும் பள்ளி நாளில் பரிசு பெற்றதற்குமான சான்றிதழ்களை, நோட்டரி கையொப்பத்தோடு வைத்திருந்தாலும், பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி டிசம்பர் 15 இரவு 11:59 என்பது நமக்கு 16-ஆம் தேதி காலை 10:29. அந்த மணிக்காகக் காத்திராமல் ஒரு வாரம் முன்னதாகவே கோப்பை ஏற்றி, ஏறியதைத் திறந்து, சமன்பாடுகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.