திறந்தவெளி மரத்தளத்திற்கு ஏற்ற பூச்சு

கூரையற்ற இடத்தில் அமைந்த மரத்தளத்திற்கு வெயிலும் ஈரமும் பகைகளாகும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள், மர இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. மேற்பரப்பு சாம்பல் நிறமடைகிறது. இது பெரும்பாலும் தோற்றக் குறையே. ஈரம் விளைவிக்கும் கேடோ பெரிது. மரத்தின் ஈரம், அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்திற்குக் கீழே உள்ளவரை மக்கவைக்கும் காளான்கள் வளர்வதில்லை. 30 சதவீதத்தைத் தாண்டி நீடிப்பின், மேலே வர்ணம் பளபளக்க, உள்ளே பலகை மக்கிவிடும். அதன்மேல் நடப்போருக்கு அது ஆபத்தாக முடியும்.

பூச்சுகள் இருவகைப்படும். வார்னிஷும் பெயின்டும் மரத்தின்மேல் ஏடாகப் படிபவை. நிறமற்ற வார்னிஷ் ஒளியை ஊடுருவ விடுவதால், அடியிலுள்ள மரப்பரப்பு சிதைந்து ஏடு உரிந்துவிடும். பெயின்ட் ஒளியைத் தடுக்கும். எனினும் காலடியில் தேய்ந்து வெடிப்புற்றால், உட்புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. இரண்டாம் வகை, மரத்தினுள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு. நிறமியும் காளான்கொல்லியும் சேர்ந்த இவ்வகையே தளத்திற்கு ஏற்றது, இது உரிவதில்லை, கழுவி உலர்த்தி மீண்டும் பூசலாம். வெறும் ஆளிவிதை எண்ணெயில் பூஞ்சை படர்ந்து மரம் கறுக்கும்.

பூச்சு வேறு, மரப் பாதுகாப்பு முறை வேறு. தேக்கு, தேவதாரு ஆகியவற்றின் வைரப்பகுதி இயல்பாகவே நீடித்து உழைக்கும். எம்மரமாயினும் வெளிறு அவ்வாறு உழைப்பதில்லை. சிர் பைன், மா முதலியவற்றிற்குப் பாதுகாப்பு மருந்தை அழுத்தத்தின்மூலம் உட்செலுத்த வேண்டும். 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த மருந்தைக் கண்டறிந்தார். குரோமியம் ஏனைய இரண்டையும் மரத்தில் நிலைக்கச் செய்வதால், அவை மழையில் எளிதில் கரைவதில்லை. ஆர்சனிக் நஞ்சாதலால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு இம்மருந்து கைவிடப்பட்டது. இம்மருந்து ஏற்றிய பழைய பலகைகளை அடுப்பில் எரித்தல் கூடாது. புகையும் சாம்பலும் நஞ்சாகும்.

பூசுமுன் மரம் நன்கு உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. பலகையின் வெட்டுமுனைகள் பக்கங்களைவிட விரைவில் நீரை உறிஞ்சுமாதலால், அவற்றிற்குப் பூச்சு மிகுதியாக வேண்டும். பலகைகளுக்கிடையே நீர் வடிய இடைவெளி விடுதலும் அவசியம். பின்னர் தளத்தில் சில துளி நீர் தெளித்துப் பார்க்கலாம். துளிகள் திரண்டு நின்றால் பூச்சு பயன் தருகிறது. உடனே உறிஞ்சப்பட்டால் மறுபூச்சிற்குக் காலம் வந்துவிட்டது.