குரங்குக் கருவில் மனித செல்: வயசு ஒத்துப்போகணும்!

மெஷின்ஸ் லேபில் ரெண்டு ஆல்டர்னேட்டரை சிங்க்ரனைஸ் பண்ணியிருப்பீங்க. ஃபிரீக்வென்சியும் ஃபேஸும் ஒத்துப்போகாமல் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் உயிரினத்தின் ஸ்டெம் செல்லை இன்னொன்றின் கருவில் சேர்ப்பதும் ஏறக்குறைய அதே கதைதான்.

எதுக்கு இந்த வேலை? மனிதனுக்கு வேண்டிய உறுப்பை விலங்குக்குள் வளர்க்க முடியுமா என்று பார்க்கத்தான். 2010-இல் ஜப்பானில் நகாவுச்சி குழு, கணையம் உருவாகாதபடி மாற்றிய சுண்டெலிக் கருவில் பெரிய எலியின் ஸ்டெம் செல்களைச் செலுத்தியது. பிறந்த சுண்டெலிக்குள் இருந்தது பெரிய எலியின் கணையம்!

அப்போ மனித செல்லையும் அப்படியே போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். டிஷ்ஷில் வளரும் சுண்டெலி செல், கருப்பையில் ஒட்டுவதற்கு முந்தைய கருவின் நிலையிலேயே இருக்கும். மனிதன், குரங்கு போன்ற பிரைமேட் செல்களோ வழக்கமான மீடியத்தில் ஒரு படி மூத்துவிடும். அதாவது, கரு ஒட்டிய பிறகு வரும் நிலை. அவற்றை இளம் கருவில் வைத்தால் பெரும்பாலும் செத்துப்போகும். போதாக்குறைக்கு, மனித செல்கள் கூட்டத்திலிருந்து தனித்தனியாகப் பிரித்தாலே சாகிற ரகம். ராக் இன்ஹிபிட்டர் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறார்கள்.

ஆகவே பாதி யுத்தம் மீடியத்தில்தான். 2017-இல் பீஜிங் பல்கலைக்கழகத்தின் டெங் ஹாங்குயி குழு ஒரு கலவையை வெளியிட்டது. லிஃப் என்ற புரதத்தோடு மூன்று வேதிப்பொருட்கள். அதில் ஒன்று மினோசைக்ளின். ஆமாம், முகப்பருவுக்கு டாக்டர் எழுதித் தரும் அதே ஆன்டிபயாட்டிக்!

அந்த வகைச் செல்களை வைத்துத்தான் 2021-இல் சீனாவின் குன்மிங்கில் அந்தச் சோதனை நடந்தது. அமெரிக்காவின் சால்க் நிறுவனமும் கூட்டு. ஆறு நாள் வயதான 132 மக்காக் குரங்குக் கருக்கள், ஒவ்வொன்றிலும் 25 மனித செல்கள். மறுநாள் 132-லும் மனித செல் தெரிந்தது. பத்து நாளில் 103 மிஞ்சின. பத்தொன்பதாம் நாளில் மூன்றே மூன்று. எல்லாம் டிஷ்ஷில்தான், எந்தக் கருவையும் கருப்பையில் வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை? மனித செல் கணையத்துக்குத்தான் போகும், மூளைக்குப் போகாது என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்? 2023-இல் குரங்கு செல்லையே குரங்குக் கருவில் சேர்த்துப் பிறந்த ஒரு குட்டியைப் பாருங்கள். செலுத்திய செல்களுக்குப் பச்சையாக ஒளிரும் அடையாளம் கொடுத்திருந்தார்கள். குட்டியின் விரல் நுனியும் கண்ணும் பச்சையாக ஒளிர்ந்தன. மூளையிலும் அதே செல்கள் இருந்தன. குட்டி பத்து நாள்தான் உயிரோடு இருந்தது.