அம்மா பெயரில்தான் வீடு: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுவில், குடும்ப நிலையைப் பற்றிப் பிள்ளைகளே ஐந்தாறு வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நாளைக்குக் கல்லூரியிலும் வங்கியிலும் இதையேதான் கேட்பார்கள், இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். எழுத்துப் பிழை வந்தால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு சொல் இடம் மாறி நின்று பொருளையே கெடுத்துவிடுகிற பிழை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "தி ஹவுஸ் இஸ் இன் மை மதர்ஸ் நேம் ஒன்லி." வீடு அம்மா பெயரில்தான் இருக்கிறது, வேறு பங்காளி கிடையாது என்பதுதான் பிள்ளை சொல்ல வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் "இன் நேம் ஒன்லி" என்று தனியாக ஒரு வழக்கு உண்டு. பெயருக்கு மட்டும் அப்படி, உண்மை வேறு என்று அதற்குப் பொருள். ஆகவே இதைப் படிக்கிற அதிகாரி, 'பத்திரத்தில் தாயார் பெயர் இருக்கிறது, சொத்து வேறு யாருடையதோ' என்று எண்ண இடம் இருக்கிறது. ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிய வரி பினாமி சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

"தி ஹவுஸ் இஸ் ஸோல்லி இன் மை மதர்ஸ் நேம்" என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது. ஸோல்லிக்கு எழுத்து எஸ், ஓ, எல், இ, எல், ஒய். முழுக்க முழுக்க அவர் ஒருவருக்கே என்று பொருள். அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். 'இன்' என்பதற்கு முன்னால் நிற்கிறது.

நம் பிள்ளைகள் ஏன் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறார்கள்? நம் ஊர்ப் பேச்சு அப்படி. தமிழில் 'அம்மா பேரிலேதான்' என்கிறோம். அழுத்தம் வாலில் வருகிறது. இந்த ஏகாரத்தைத் தொல்காப்பியமும் நன்னூலும் தேற்றம், பிரிநிலை என்று பிரித்துச் சொல்லியிருக்கின்றன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் கடைத்தெருவில் தெலுங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதிலும் 'நாதே' என்று வாலில்தான் அழுத்தம். வீட்டில் தக்னி பேசுகிறவர்கள் 'மேராச்' என்கிறார்கள், அங்கேயும் வால்தான். மூன்று மொழியும் ஒரே பக்கம் இழுத்தால் பிள்ளை என்ன செய்யும்? 'இட் இஸ் மைன் ஒன்லி', 'ஹி இஸ் தேர் ஒன்லி' என்று எழுதத்தான் செய்யும். இந்தியா முழுக்க இப்படிப் பேசுகிறார்கள், பேச்சில் ஒரு குறையும் இல்லை. மனுவில்தான் சிக்கல்.

உருது தெரிந்த வீடுகளுக்கு ஒரு சுலபமான வழி. 'ஸிர்ஃப் அம்மீ கே நாம் பர்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த 'ஸிர்ஃப்' எங்கே நிற்கிறதோ அங்கே ஆங்கிலச் சொல்லை நிறுத்துங்கள். பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

மதரஸாவில் நஹ்வு ஓதிய பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. ஜார், மஜ்ரூர் இரண்டும் சேர்ந்தே இருக்கும், நடுவில் யாரையும் உட்கார விடாது. ஆங்கிலத்தின் இன், ஆன், பிஹைண்ட், பிலோ எல்லாம் ஜார் போலத்தான். அழுத்தச் சொல் வருவதானால் அந்த ஜோடிக்கு வெளியே, தலைமாட்டில் வந்து நிற்கும். "ஸ்டில் இன் மை ஃபாதர்ஸ் நேம்" என்றால் இன்னும் அத்தா பெயரில் இருக்கிறது. "நோ லாங்கர் இன் மை ஃபாதர்ஸ் நேம்" என்றால் இப்போது அவர் பெயரில் இல்லை. "ஜாயின்ட்லி இன் அவர் நேம்ஸ்" என்றால் எங்கள் பெயர்களில் கூட்டாக இருக்கிறது. பட்டா, மின் இணைப்பு பற்றி எழுதும்போது இந்த மூன்றும் அடிக்கடி தேவைப்படும்.

அதே இடத்தில் நிற்கிற மூன்று சின்னச் சொற்கள் உண்டு: ரைட், ஜஸ்ட், வெல். "ரைட் பிஹைண்ட் தி ஸ்டேஷன்" என்றால் ஸ்டேஷனுக்கு நேர் பின்னாலேயே. "ஜஸ்ட் அவுட்சைட் திருத்தணி" என்றால் ஊர் எல்லை தாண்டியதும். "வெல் அவுட்சைட் திருத்தணி" என்றால் ஊரை விட்டு நன்றாகத் தள்ளி. வருமானம் எழுதும்போது இதில் கவனம் வேண்டும். "அவர் இன்கம் இஸ் ஜஸ்ட் பிலோ தி லிமிட்" என்று எழுதினால், உச்சவரம்புக்கு மயிரிழை கீழே என்று ஆகிறது. படிப்பவர் உடனே இன்னொரு முறை கணக்குப் பார்ப்பார். மாதக் கூலியில் காலம் தள்ளும் குடும்பம் எழுத வேண்டியது "வெல் பிலோ தி லிமிட்". 'ஜஸ்ட்' என்றால் 'வெறும்' என்று மட்டும் நினைத்துக்கொள்வதால் வரும் வினை இது.

'வெரி' இந்த வரிசையில் சேராது. "வெரி இன் நீட் ஆஃப் ஹெல்ப்" என்று எழுதக் கூடாது. "வெரி மச் இன் நீட்" அல்லது "பேட்லி இன் நீட்" என்று எழுதுங்கள். 'நியர்' மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. "வெரி நியர் தி பஸ் ஸ்டாண்ட்" சரியே.

இனி மை, ஹிஸ், மை ஹஸ்பண்ட்ஸ் என்று உடைமை சொல்லும் சொற்கள். எங்களைக் கேட்டால் அதிகம் இடறுவது இங்கேதான். 'ஒன்லி' உள்ளே நின்றால் ஒரு பொருள், வெளியே நின்றால் வேறு பொருள். "மை ஒன்லி சன்" என்றால் என் ஒரே மகன், உருதுவில் 'மேரா இக்லௌதா பேட்டா'. "ஒன்லி மை சன்" என்றால் என் மகன் மட்டும், 'ஸிர்ஃப் மேரா பேட்டா'. மூன்று பிள்ளைகள் உள்ள தாய், மகன் ஒருவன்தான் வேலைக்குப் போகிறான் என்று சொல்ல வந்து "மை ஒன்லி சன் இஸ் ஒர்க்கிங்" என்று எழுதினால், மற்ற இரண்டு மகன்களும் காகிதத்திலிருந்து காணாமல் போய்விடுவார்கள். குடும்ப அட்டையில் மூன்று பெயர், மனுவில் ஒரே மகன்!

வருமானத்திலும் அப்படியே. "வி லிவ் ஆன் ஒன்லி மை ஹஸ்பண்ட்ஸ் இன்கம்" என்றால் வீட்டில் கணவர் சம்பாதிப்பது மட்டுமே, வேறு யாரும் சம்பாதிக்கவில்லை. "மை ஹஸ்பண்ட்ஸ் ஒன்லி இன்கம் இஸ் தி ரென்ட்" என்றால் கணவருக்கு வாடகையைத் தவிர வேறு வரவில்லை. இதில் மற்றவர்கள் சம்பாதிக்கிறார்களா என்ற பேச்சே இல்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று முதலில் தமிழில் தெளிவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என்னுடையது, அவருடையது என்று முடியும் இடத்திலும் 'வெரி' ஒட்டாது. "என்டயர்லி மைன்" முழுக்க என்னுடையது. "பார்ட்லி மை பிரதர்ஸ்" ஒரு பங்கு என் சகோதரருடையது. பாகப்பிரிவினை ஆகாத வீட்டுக்கு இந்தப் 'பார்ட்லி' மிகவும் பயன்படும். "மை வெரி ஓன்" என்று கதைப் புத்தகத்தில் வரும், அது செல்லப் பேச்சு, மனுவுக்கு ஆகாது.

காசோலையில் "ருபீஸ் ஃபைவ் தௌசண்ட் ஒன்லி" என்று கடைசியில்தானே போடுகிறோம் என்று கேட்பீர்கள். அது சரிதான். அதற்குமேல் யாரும் எதையும் சேர்த்து எழுதாதபடி போடும் பூட்டு அது. அந்தப் பூட்டை எல்லா வாக்கியத்துக்கும் போட வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 'ஒன்லி' தான் குறிக்கும் சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும் என்று ஆங்கில வாத்தியார்கள் சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். "ஐ ஒன்லி ஹேவ் டூ சன்ஸ்" என்பது வெள்ளைக்காரர்களின் அன்றாடப் பேச்சு. 1926இல் வந்த தம் அகராதியில் ஃபௌலரே இப்படிப்பட்ட இயல்பான வழக்குக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். பேச்சில் குரல் ஏற்ற இறக்கம் பொருளைக் காட்டிவிடும். மனுவுக்குக் குரல் இல்லாததால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

கீழே உள்ள நான்கையும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கட்டும். எழுதியதை அலுவலகத்தில் கொடுத்தால் திருத்தித் தருவோம், விடைகள் இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் வரும்.

கடை இப்போது அத்தா பெயரில் இல்லை.
எங்கள் வீடு பள்ளிவாசலுக்கு நேர் எதிரிலேயே இருக்கிறது.
என் ஒரே தங்கை பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.
இந்த மனை ஒரு பங்கு என்னுடையது, ஒரு பங்கு என் மாமாவுடையது.