புற்றுநோய் கண்டவர்களும் ஆயுள் காப்பீடும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று ஆறு ஆண்டுகளைக் கடந்த ஒரு பெண்மணி, மறுபரிசோதனைக்கு வந்தபோது தயங்கித் தயங்கி எங்களிடம் ஒரு வேண்டுகோளை வைத்தார். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை எண்ணி ஆயுள் காப்பீடு எடுக்க அவர் முடிவு செய்திருந்தார். முகவரோ, “சாதாரணக் கட்டி, அகற்றப்பட்டது” என்று மருத்துவரிடமிருந்து ஒரு சான்று வாங்கி வந்தால் வேலை எளிதாக முடியும் என்று சொல்லியிருக்கிறார். “இதில் பொய் ஒன்றும் இல்லையே டாக்டர், கட்டியைத்தானே எடுத்தீர்கள்?” என்று கேட்டார் அந்த அம்மையார்.

அந்தச் சான்றை நாங்கள் தரவில்லை. வேறொரு கடிதம் தந்தோம். அதைப் பற்றிப் பின்னர் கூறுவோம். இத்தகைய வேண்டுகோள் எங்களிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் ஏமாற்றும் எண்ணம் கொண்டவர்கள் அல்லர். தமக்குப் பின் குடும்பம் தவிக்கக்கூடாதே என்று கவலைப்படுபவர்கள். ஆனால் அந்தச் சான்று யாரைக் காக்க வேண்டுமோ அவர்களையே அது கைவிட்டுவிடும் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. மருத்துவமனைச் செலவை ஏற்பது மருத்துவக் காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அவ்வகையைச் சேர்ந்தது. காப்பீடு பெற்றவர் இறந்தால் குடும்பத்திற்குத் தொகை தருவது ஆயுள் காப்பீடு. இரண்டிற்கும் விதிகள் வேறு. இங்கே நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

கையில் இருப்பதை முதலில் காப்பாற்றுங்கள்

புதிய பாலிசியைப் பற்றிக் கேட்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, “நோய் தெரியுமுன் எடுத்த பாலிசி ஏதேனும் உண்டா?” என்பதுதான். பலர் வீட்டுக்குச் சென்று பீரோவைத் தேடிய பிறகே விடை சொல்கிறார்கள்.

நோய் கண்டறியப்படுமுன் உண்மையான விவரங்களைத் தந்து எடுத்த பாலிசி, நோய் வந்தபின்னும் அப்படியே செல்லும். புற்றுநோய் வந்துவிட்டது என்பதற்காக நிறுவனம் அதை ரத்து செய்யவோ, அந்தப் பாலிசியின் பிரீமியத்தை உயர்த்தவோ முடியாது. நோய் வந்த செய்தியை நிறுவனத்திற்குத் தெரிவித்தால் பாலிசி போய்விடும் என்று அஞ்சிப் பிரீமியம் கட்டுவதையே நிறுத்திவிட்ட ஒரு குடும்பத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்த அச்சத்திற்கு அடிப்படையே இல்லை.

எங்கள் அனுபவத்தில், புற்றுநோயாளிகளின் குடும்பங்கள் ஆயுள் காப்பீட்டை இழப்பது பெரும்பாலும் மறதியால். கீமோதெரபி நடக்கும் ஆறு மாதங்களில் வீட்டின் ஒழுங்கெல்லாம் குலைந்துபோகிறது. பிரீமியம் கட்டும் வழக்கமுடையவரே படுக்கையில் இருப்பார். தவணை தவறினால், ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாட்களும் மாதத் தவணைக்கு 15 நாட்களும் சலுகைக் காலம் உண்டு. அந்த நாட்களில் காப்பு தொடரும். அதற்குள் மரணம் நேர்ந்தால் கட்ட வேண்டிய தவணையைக் கழித்துக்கொண்டு தொகை தருவார்கள். அதையும் தவறவிட்டால் பாலிசி காலாவதியாகிவிடும்; சில ஆண்டுகள் பிரீமியம் கட்டிய சேமிப்புப் பாலிசியாயின் குறைந்த தொகையோடு மட்டும் நிற்கும். காலாவதியான பாலிசியைப் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குள் புதுப்பிக்கலாம் என்பது விதி. ஆனால் புதுப்பிக்கும்போது நல்ல உடல்நலத்துடன் இருப்பதாக உறுதிமொழி தர வேண்டும், பரிசோதனைக்கும் உட்பட நேரலாம். சிகிச்சையில் இருப்பவர் அதை எங்ஙனம் தருவார்? ஆகவே முதல் கீமோவுக்கு வரும்போதே, பாலிசி எண்களையும் தவணை நாட்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படையுங்கள். நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். திருமணத்திற்கு முன் எடுத்த பாலிசியில், காலஞ்சென்ற தாயாரின் பெயரே இன்னமும் நாமினியாக இருப்பதுண்டு.

அடுத்தது பணத் தேவை. சிகிச்சைக்காகப் பாலிசியைச் சரண்டர் செய்யலாமா என்று கேட்கிறார்கள். முதல் சில ஆண்டுகளில் சரண்டர் தொகை, கட்டிய பிரீமியத்தைவிடக் குறைவாகவே இருக்கும். காப்புத் தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். தூய டேர்ம் பாலிசியில் பொதுவாக அதுவும் கிடையாது. சேமிப்புவகைப் பாலிசியாயின் அதன்மேல் கடன் பெற இயலுமா என்று முதலில் கேளுங்கள். கடனும் வட்டியும் பின்னர் கழிக்கப்படும் என்றாலும், காப்பு முழுதும் கைவிட்டுப் போகாது. இன்று வீசியெறியும் பாலிசியை நாளை எந்த நிறுவனமும் அதே விலைக்குத் தராது.

பாலிசிப் பத்திரத்தின் பின்பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். தீவிர நோய் ரைடர் இணைந்திருந்தால், புற்றுநோய் உறுதியானதுமே ஒரு தொகை கிடைக்க வாய்ப்புண்டு. பிரீமியம் விலக்கு ரைடர் இருந்தால், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு மீதித் தவணைகளைக் கட்டத் தேவையிருக்காது. பாலிசி எடுத்தபோது சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டியதையே மறந்திருப்பார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் இந்த ரைடர் பணம் தராது என்பதையும் சொல்ல வேண்டும். அடித்தளத்தைத் தாண்டாத ஆரம்பநிலைப் புற்று, கழுத்தில் பரவாத மிகச் சிறிய தைராய்டு புற்று முதலியவை வரையறைக்கு வெளியே நிற்கின்றன. பயாப்சி அறிக்கையில் உள்ள சொற்களே அங்கு முடிவு செய்யும் என்பதால் மூல அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

பணியில் இருப்போருக்கு ஒரு சொல். வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படும் ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதனோடு இணைந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டின் கீழ் குடும்பத்திற்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்கான பிரீமியத்தை முதலாளியே செலுத்துகிறார். உடல்நலம் குறித்த கேள்வியே இல்லை. பல நிறுவனங்கள் இதற்கு மேலும் குழுக் காப்பீடு வைத்திருக்கின்றன. நோய் தெரிந்த வாரத்திலேயே “இனி வேலைக்குப் போக முடியாது” என்று ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. முதலில் மருத்துவ விடுப்புக் கேளுங்கள். சான்று தர நாங்கள் இருக்கிறோம்.

வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள், மே மாத இறுதியில் கணக்கில் 436 ரூபாய் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2 லட்சம் ரூபாய்க்கான அந்தக் காப்பு ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஓடும்; 55 வயது வரை ஆண்டுதோறும் தொடரலாம். இருப்பு இல்லாமல் தவணை எடுக்கப்படாவிட்டால் காப்பு அற்றுப்போகும். புதிதாகச் சேர்வோர் வங்கி தரும் படிவத்தில் உடல்நலம் பற்றிய உறுதிமொழி இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

புதிய பாலிசி: ஐந்தாண்டுக் கணக்கு

“ஐந்து வருஷம் தாண்டினால் பாலிசி கொடுப்பார்களாமே” என்பது வரவேற்பறையில் உலவும் பேச்சு. அதில் பாதி உண்மை உண்டு. சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த புதிதிலும் தனிநபர் பாலிசி கிடைப்பது மிக அரிது. ஆண்டுகள் செல்லச் செல்ல வாய்ப்பு கூடுகிறது. பிரான்சு நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகி நோய் திரும்பாதவர், வீட்டுக் கடன் போன்றவற்றுக்கான காப்பீட்டின்போது பழைய புற்றுநோயைச் சொல்ல வேண்டியதே இல்லை. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. இங்கே ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குப்படி முடிவு செய்கிறது.

ஐந்து ஆண்டு என்பது எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே பொருளைத் தருவதும் இல்லை. ஹார்மோன் ஏற்பி இல்லாத, ஹெர்2 எதிர்மறையான மார்பகப் புற்று திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பும். ஐந்தாண்டு கடந்தவரின் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். ஹார்மோன் ஏற்பி உள்ள வகை அவ்வாறன்று. அதன் அபாயம் சிறிய அளவில் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நீடிக்கும். இளம் வயதில் தைராய்டில் தோன்றி, கழுத்தைத் தாண்டாத பாப்பிலரி புற்று வந்தவரின் ஆயுள் பிறரைவிடப் பெரிதும் குறைவதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் இவர்கள் மூவரும் “புற்றுநோய்: ஆம்” என்ற ஒரே கட்டத்தில்தான் குறியிடுகிறார்கள். அந்த ஒரு குறியை மட்டும் பார்க்கும் அலுவலர் மோசமானதை எண்ணிக்கொள்வது இயல்பே.

இங்கேதான் எங்கள் கடிதம் பயன்படுகிறது. நோயின் பெயர், திசு வகை, நிலை, அறுவை நடந்த நாள், கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த நாள், மாத்திரை தொடர்ந்தால் அது முடிந்த அல்லது முடியப்போகும் நாள், கடைசிப் பரிசோதனையின் முடிவு ஆகியவற்றை அதில் எழுதுகிறோம். டாமோக்சிபென் போன்ற மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உண்பவர்களுக்குச் “சிகிச்சை முடிந்த நாள்” எது என்பதில் குழப்பம் வரும். இரு நாட்களையும் தனித்தனியே எழுதிவிட்டால் தகராறு இல்லை.

மறைத்தால் என்ன நேரும்?

காப்பீட்டுச் சட்டம் 1938இன் 45ஆம் பிரிவு, 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி பாலிசி வழங்கப்பட்டோ, காப்பு தொடங்கியோ, புதுப்பிக்கப்பட்டோ மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால் (இவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்து) நிறுவனம் அந்தப் பாலிசியை எக்காரணம் கொண்டும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. இதைத்தான் சில முகவர்கள், “மூன்று வருஷம் ஓட்டிவிட்டால் போதும்” என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, அந்த மூன்று ஆண்டுகளுக்குள் என்ன நடக்கும் என்பதை. முக்கியமான செய்தியை மறைத்தது தெரிந்தால் நிறுவனம் கோரிக்கையை மறுக்கலாம். மோசடி என்று குற்றஞ்சாட்டப்பட்டால், பாலிசிதாரர் உயிரோடு இல்லாத நிலையில், மோசடி இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை பயனாளிகளின் தலையில் விழுகிறது. கணவரை இழந்த பெண், அவர் கையெழுத்திட்ட படிவத்திற்காக வாதாட வேண்டும். மோசடி அல்லாத தவறான தகவல் என்று முடிவானால், கட்டிய பிரீமியம் மட்டும் திரும்ப வரும்.

பாலிசி எடுத்து மூன்று ஆண்டுகளுக்குள் ஒருவர் இறந்தால், அந்தக் கோரிக்கையை நிறுவனங்கள் கூர்ந்து ஆராய்கின்றன. அப்போது சிகிச்சையளித்த மருத்துவருக்கு ஒரு படிவம் வரும். நோய் முதலில் கண்டறியப்பட்ட நாள், அறிகுறிகள் எவ்வளவு காலமாக இருந்தன, முன்பு எங்கே சிகிச்சை பெற்றார் என்று அது கேட்கும். அதை நிரப்புபவர்கள் நாங்கள்தாம். எங்கள் ஏட்டில் உள்ள நாளைத்தான் எங்களால் எழுத முடியும். அந்த மேசையின் மறுபக்கம் குடும்பத்தார் அமர்ந்திருக்க, பேனாவைக் கையில் எடுக்கும் வேளை எங்கள் தொழிலில் மிகக் கடினமான வேளைகளுள் ஒன்று.

மறைக்காதவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. முதல் நாள் எங்களிடம் வரும்போது, “எத்தனை நாளாக இந்தப் புண்?” என்று கேட்கிறோம். “இருக்கும் ஒரு வருஷமா” என்று சிலர் வாய்போக்கில் சொல்கிறார்கள். உண்மையில் மூன்று மாதமாக இருக்கும். இளம் மருத்துவர் “ஓராண்டு” என்று எழுதிவிடுகிறார். எட்டு மாதங்களுக்கு முன் நேர்மையாக எடுத்த பாலிசி அந்த ஒரு சொல்லால் சந்தேகத்திற்கு உள்ளாகிறது. ஆகவே யோசித்து, சரியான காலத்தைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள். உண்மையான பிழையைத் திருத்த நாங்கள் தயங்குவதில்லை; ஓராண்டு கழித்து, இறப்பிற்குப் பின் திருத்தக் கேட்டால் இயலாது.

படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. பாலிசியோடு நீங்கள் தந்த படிவத்தின் நகலும் வரும். பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 30 நாட்கள், வேண்டாமென்றால் திருப்பித்தர உங்களுக்கு அவகாசம் உண்டு. அந்த நாட்களில் அமர்ந்து ஒவ்வொரு விடையையும் படியுங்கள். “இல்லை” என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் எழுத்து மூலம் நிறுவனத்திற்குத் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் தந்து பாலிசி வருவதற்கு இடைப்பட்ட நாட்களில் நோய் தெரியவந்தாலும் சொல்லியாக வேண்டும்.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டிற்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

முதலில் சொன்ன அம்மையாருக்கு வருவோம். அவருடைய நோய் ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, இரண்டாம் நிலை, மாத்திரை முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. அனைத்தையும் எழுதிக் கடிதம் தந்தோம். ஒரு நிறுவனம் இரண்டு ஆண்டு கழித்து வரச் சொன்னது. மற்றொன்று அவர் கேட்டதில் பாதித் தொகைக்கு, கூடுதல் பிரீமியத்தோடு பாலிசி தந்தது. “பாதிதான் கிடைத்தது டாக்டர்” என்று குறைப்பட்டுக்கொண்டே, படிவத்தின் நகலை எங்களிடம் காட்டினார். புற்றுநோய் பற்றிய கேள்விக்கு எதிரே “ஆம்” என்று அவர் தம் கைப்பட எழுதியிருந்தார்.

இத்தகைய கடிதம் வேண்டுவோர், பயாப்சி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன் ஆகியவற்றோடு மறுபரிசோதனை நாளில் வந்து கேட்கலாம். நிறுவனம் கேள்விப் படிவம் ஏதேனும் தந்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.